மூக்காயியின் கடைவாய்ப் பல்

மூக்காயிக்குப் பல் வலித்தால்தான் ராம்நாத்தின் கிட்டார் பாடியது. வலி இல்லாத நேரத்தில் அது மரமும் கம்பியுமாகக் கிடந்தது. திருமயத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊருக்கு இது தெரியவர ஒரு வருஷம் பிடித்தது. தெரிந்தபோதும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷம் முந்திரிக்கொட்டை விலை விழுந்திருந்ததால் பேச வேறு விஷயம் இருந்தது.

ராம்நாத், காலமான முருகப்பச் செட்டியாரின் ஒரே மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் மனைவி வைஷ்ணவியை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். அவ்வளவு பெரிய வீட்டில் அதுவரை அவன் அம்மா மீனாக்ஷி ஆச்சியும் வேலைக்கு வந்துபோகிற மூக்காயியும்தான் இருந்தார்கள். ராம்நாத்துக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரையும் கைநீட்டி அடித்ததும் கிடையாது. அவன் விரும்பியது ஒன்றே ஒன்று. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ராக் பாட்டுகளில் கேட்கிற கிட்டார் சத்தம் தன் கையில் வர வேண்டும். தடித்து, இனித்து, நீண்டு, முடிகிற இடத்தில் லேசாகக் கிழிகிற சத்தம். அது பாதி விரலில் இருக்கிறது, பாதி பிக்கப்பில் இருக்கிறது என்று அவன் படித்திருந்தான். பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் காந்தப் பெட்டி. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. அதில் ஹம்பக்கர் என்று ஒரு வகை. செம்புக் கம்பியில் சுற்றிய இரண்டு சுருள்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கரண்டிலிருந்து வருகிற இரைச்சலை இரண்டும் சேர்ந்து கொன்றுவிட்டுப் பாட்டை மட்டும் விடும். விரல் தன்னிடம் இருக்கிறது, ஹம்பக்கர்தான் சரியில்லை என்று ராம்நாத் முடிவு செய்தான். பழையதைக் கழற்றிப் புதியது மாட்டுவதில் மாதங்கள் போயின.

முதலில் வாங்கியது செராமிக் என்ற பீங்கான் இனத்துக் காந்தம். சுற்றும் அதிகம். சத்தம் ஊருணி வரை போனது, ஆனால் தகரக் கதவை இழுத்தது போல இருந்தது. அடுத்து அல்நிக்கோ என்ற மென்மையான காந்தம் வைத்தது. சுற்று குறைவு, அந்தக் காலத்து முறைப்படி மெழுகில் முக்காதது. இதை மாட்டிய அன்று காலையில் ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்கு, கீழே அடுப்படியில் மூக்காயி பழைய சோற்றில் கிடந்த கல்லைக் கடித்தாள். மாடியில் ராம்நாத்தின் விரலுக்கடியில் அவன் தேடிய சத்தம் வந்து நின்றது. அவன் அழுதான். கல்லைப் பற்றி அவனுக்குத் தெரியாது. பிக்கப்புக்கு நன்றி சொல்லி, விற்றவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தான்.

பிறகு சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. மூக்காயி தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது அவன் கிட்டாரைப் பிரித்து எல்லா இணைப்பையும் மறுபடி ஈயம் வைத்து ஒட்டினான். அவள் வந்ததும் சரியானது. தன் கைவேலைதான் காரணம் என்று நினைத்தான். ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியவன், மூக்காயி குளிர்ந்த மோரை வாயில் வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடிப்பதைப் பார்த்தான். அதே நொடியில் மாடியில் யாரும் தொடாமல் சுவரில் சாய்ந்திருந்த கிட்டார் ஒரு நீண்ட ஸ்வரம் கொடுத்தது. ராம்நாத் படித்தவன். ஒரு தடவை நடந்ததை நம்பாமல் ஃப்ரிஜ்ஜைத் திறந்து, "மூக்காயி, ஜில்லுனு கொஞ்சம் தண்ணி குடி, வெயிலா இருக்கு" என்றான். அவள் குடித்தாள். கிட்டார் பதில் சொன்னது.

அந்தப் பல் வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல். பாதி அரித்துப்போய் நரம்பு தெரிந்தது. பிடுங்க வேண்டுமென்று மூக்காயி பொங்கலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, நாளைக்கு ஒருநா லீவு குடுங்க. பெரியாஸ்பத்திரியில புடுங்கிட்டு ஓடியாந்துர்றேன்."

"நாளைக்குச் சஷ்டிடி."

"அப்ப மறுநா?"

"மறுநா ஆடிட்டர் வாராரு. அடுத்த வாரம் பாப்போம். இப்பக் கிராம்பு வச்சுக்க."

ராம்நாத் பல்லின் சங்கதியை அம்மாவிடம் சொன்னபிறகு கிராம்பு டப்பா சாமி அறை அலமாரிக்குள் போய்விட்டது. சாவி ஆச்சியின் இடுப்பில் இருந்தது. லீவுப் பேச்சும் அத்தோடு நின்றது. மூக்காயியின் மகள் ஹரிணிக்குத் திருச்சியில் நர்சிங் சீட் கிடைத்தது ஆச்சி பேசிய ஒரு போனால்தான். அதை அந்த வீட்டில் யாரும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டத் தேவையும் இருக்கவில்லை.

வைஷ்ணவி மட்டும் முதலில் கோபப்பட்டாள். இது பாவம், நானே அவளைக் காரில் கூட்டிப்போகிறேன் என்றாள். ராம்நாத் அவளை மாடிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து வாசித்தான். இறங்கி வரும்போது அவள் கண் சிவந்திருந்தது. சாயங்காலம் கிண்ணத்தோடு அடுப்படிக்குப் போய், "மூக்காயிக்கா, பட்டர்ஸ்காட்ச் இருக்கு, சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் மூக்காயிக்கு ஐஸ்கிரீம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மரியாதைக்காக அவள் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

ராம்நாத்தை நியாயம் பார்க்காதவன் என்று சொல்ல முடியாது. அவன் எல்லாப் பிக்கப்பையும் மறுபடி மாட்டிப் பார்த்தான். செராமிக் காந்தம் மாட்டினால் லேசான கூச்சமே போதும். வாய் கொப்பளித்தால்கூடக் கிட்டார் முழுசாக எழும்பும், ஆனால் அதே தகரச் சத்தம். நடுத்தரமான ஒன்று இருந்தது. அதற்கு நடுத்தரமான வலி போதும், சத்தமும் நடுத்தரம். மென்மையான அல்நிக்கோவுக்கு மட்டும் உண்மையான வலி வேண்டியிருந்தது, கண்ணில் நீர் வருகிற அளவு. சத்தம் அதில்தான் இருந்தது. ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடாமல் இதை யோசித்தான். பிறகு அல்நிக்கோவையே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆன்லைனில் விற்றுவிட்டான்.

மூக்காயிக்குத் தெரியாது என்று மூன்று பேரும் நம்பினார்கள். ஒரு நாள் மாடிக்குக் காப்பி கொண்டுபோனவள் கதவருகில் நின்றாள்.

"ஏந்தம்பி, எம் பல்லு மாதிரியே வாசிக்கிறீங்க?"

அவன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான். "ஒம் பல்லுதான் மூக்காயி."

"நெனச்சேன். அது இழுக்குற எடத்துலல்லாம் இதுவும் இழுக்குதே."

"ஒரு ஆல்பம் முடிஞ்சிரட்டும். நானே கூட்டிப்போயி வைத்தியம் பாக்குறேன்."

"எத்தனை பாட்டு தம்பி?"

"எட்டு."

"அப்ப வெரசா வாசிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவன் விரசாக வாசிக்கவில்லை. திருப்தி இல்லாத இடத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தான். மூன்றாவது பாட்டில் மூக்காயியின் கன்னம் வீங்கியது. ஐந்தாவதில் கஞ்சி மட்டும் குடித்தாள். நமணசமுத்திரத்திலிருந்து அவளோடு பஸ்ஸில் வருகிற ராசாத்தி, "வாயில என்னடி கொழுக்கட்டையா? எங்களுக்கும் ஒண்ணு குடு" என்றாள். மூக்காயி சிரிக்கப் போய், சிரிப்பைப் பாதியில் பிடித்துக்கொண்டாள். பஸ் தூரத்தில் இருந்ததால் அந்தச் சமயம் மாடியில் சத்தம் தேய்ந்து வந்தது, அது ஆறாவது பாட்டில் சேராமல் போனதில் ராம்நாத்துக்கு வருத்தம். ஏழாவது பாட்டு முடிந்தபோது அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். காரின் முன் சீட்டில் அவளை உட்காரவைத்துப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். வேலைக்காரியை முன் சீட்டில் வைத்துப் போகிறானே, என்ன குணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பின் சீட்டில் கிட்டார் இருந்தது.

பல் டாக்டர் லக்ஷ்மணன் கல்லூரியில் அவனோடு டிரம்ஸ் வாசித்தவன்.

"ஊசி போடாம யாராச்சும் புடுங்குவாங்களாடா?"

"ஊசி போட்டா சத்தம் போயிரும். ஒரே ஒரு பாட்டு, லெச்சு."

லக்ஷ்மணன் ஏழாவது பாட்டைப் போனில் கேட்டான். அதன்பிறகு மறுபேச்சுப் பேசவில்லை. மூக்காயியிடம் ஊசி மருந்து தீர்ந்துவிட்டதாகச் சொல்லி, "கண்ணை மூடிக்கங்க, ஒரு நிமிசந்தான்" என்றான். வேர் வளைந்திருந்ததால் ஒரு நிமிஷத்தில் முடியவில்லை. ராம்நாத் அடுத்த அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தான். திறந்த கதவு வழியாக லக்ஷ்மணன் பார்த்தபோது, ராம்நாத் கை வேலையாக இருந்ததால் தலையை மட்டும் அசைத்து, மெதுவாகப் பிடுங்கு என்று காட்டினான். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு தன் பல்லோடு வீட்டுக்குப் போய்விட்டார். பல் வெளியே வந்ததும் கிட்டார் நின்றது. அந்த நிசப்தத்தையும் சேர்த்துத்தான் எட்டாவது பாட்டு முடிகிறது. ரத்தம் நிற்பதற்கு ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னான் லக்ஷ்மணன். ராம்நாத் வாங்கிக் கொடுத்தான். அது தித்திப்பாக இருந்ததை மூக்காயி அன்றுதான் கண்டுபிடித்தாள்.

ஆல்பம் வெளியானது. மெல்ல மெல்ல வெளிநாட்டில் இருப்பவர்கள்கூடக் கேட்டார்கள். கிட்டார்க்காரர்கள் என்ன பிக்கப் என்று எழுதிக் கேட்க, ராம்நாத் பெயரும் விலையும் நேர்மையாகச் சொன்னான். வாங்கிப் போட்டவர்கள் ஏமாற்றமாக எழுதினார்கள். அதே சமயத்தில் மூக்காயிக்குப் பல் இருந்த இடம் வலிக்க ஆரம்பித்தது. ஈறு ஆறி, வழவழப்பாகி, அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் வலித்தது.

"பல்லுதான் இல்லையேடி, அப்புறம் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்றாள் ராசாத்தி பஸ்ஸில்.

"யாரோ பாட்டுக் கேக்குறாங்க."

"எந்த ஊர்ல?"

"அது தெரியல. நல்லா சத்தமா வச்சுக் கேக்குறாங்க."

ராசாத்தி நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அன்றிலிருந்து ஊருக்கும் தெரிந்தது.

மூக்காயி மாடிக்குப் போய், "அந்தப் பாட்டை எடுத்துருங்களேன் தம்பி" என்று கேட்டாள்.

"எங்கேருந்து எடுக்குறது மூக்காயி? ஒலகம் பூராப் போயிருச்சே." அவன் உண்மையாகவே வருந்தினான். அவளைத் தரையில் உட்கார விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தப் பாட்டுக்கு ரொம்ப வலிக்குது?" என்றான்.

"கடைசிப் பாட்டுக்கு."

"நானும் அதான் நெனச்சேன்" என்றான். அவன் முகம் மலர்ந்தது.

இரண்டாவது ஆல்பத்துக்குக் கொஞ்சம் வேறு மாதிரிச் சத்தம் தேவைப்பட்டது. மூக்காயிக்கு உதவியாக அமர்த்திய புவனேஸ்வரியிடம், சமைக்கத் தெரியுமா என்பதற்கு முன் ஒற்றைத் தலைவலி உண்டா என்றுதான் ஆச்சி விசாரித்தாள். உண்டு என்று புவனேஸ்வரி தயங்கிச் சொன்னாள், வேலை கிடைக்காது என்று பயந்துகொண்டே. உடனே கிடைத்தது.

மூக்காயி ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டாள். அன்றைக்குத்தான் எல்லோரும் வீட்டிலிருந்து பாட்டுக் கேட்கிறார்கள், கையில் பாத்திரம் நிற்பதில்லை என்றாள். சஷ்டியும் ஆடிட்டரும் குறுக்கே வரவில்லை. ஆச்சி மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

ஹரிணி திருச்சியிலிருந்து போன் செய்தபோது, "அம்மா, ராம்நாத் அண்ணன் பாட்டு ஒண்ணு இருக்கு, எட்டாவது பாட்டு. அதக் கேட்டா நீ பக்கத்துல இருக்குற மாதிரியே இருக்கும்மா. தெனம் சாயங்காலம் படிக்கிறப்ப அதான் போட்டுக்குறேன்" என்றாள். மூக்காயி போனை இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். "கேளு கண்ணு, நல்லாக் கேளு" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் வந்ததும் வைஷ்ணவி போனில் எண்ணிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு அவளிடமே கேட்பாள். "நேத்து எப்புடி மூக்காயிக்கா, நெறையப் பேர் கேட்டாங்களா?"

"நேத்துக் கொறச்சல்தாம்மா. எங்கிட்டோ மழை பேஞ்சு கரண்டு போயிருச்சு போல இருக்கு."

வைஷ்ணவியின் முகம் வாடும். மூக்காயிக்கும் அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். தினமும் சாயங்காலம் வருகிற ஒரு வலியை மட்டும் அவள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.