வடிகட்டிய துளி

“இன்னிக்கு வடிகட்டி ஏன்டி இப்படி முரண்டு பிடிக்குது? ரெண்டு கட்டைவிரலையும் வச்சு அழுத்த வேண்டியதாப் போச்சு” என்றாள் தூசி.

ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். துகள்களின் அளவு பார்க்கும் கருவியில் எதை வைப்பதானாலும் முதலில் சிறிய வடிகட்டி வழியாகத் தள்ளிவிடுவாள். ஒரே ஒரு தூசி விழுந்தால்கூடக் கருவி அதை மலையாகக் காட்டும்.

“அளவு நம்பர் எப்படி?” என்று கேட்டேன்.

“தங்கம் மாதிரி. குப்பியை அப்பவே ஸ்கேனுக்கு அனுப்பியாச்சு.”

அந்தக் குப்பியில் இருக்கும் ஸ்கேன் மருந்தைச் செய்தவள் நான். செய்து முடித்து நான் வடிகட்டியபோது அது தடையில்லாமல் இறங்கியது. கொழுப்பு மூலக்கூறுகளை யாரும் கோத்துவிட வேண்டாம். தண்ணீரைக் கண்டதும் வாலை உள்ளே ஒளித்து, தலையை வெளியே நீட்டி, தாமாகவே நுண்ணிய உருண்டைகளாகிவிடும். ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் உலோகத்தை அவற்றில் பூட்டியிருந்தோம். ஆனால் தாமாகச் சேர்ந்தவை தாமாகவே ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளவும் செய்யும். ஒருமுறை உறைந்தால் போதும்.

குளிர்பெட்டியைத் திறந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் குப்பியைப் பின்சுவரை ஒட்டித் தள்ளி வைத்திருந்தேன். அந்தச் சுவரில் பனி படிந்திருந்தது.

“குப்பியிலேர்ந்து எடுத்த சாம்பிள் மிச்சம் இருக்கா? வடிகட்டாம ஒரு தடவை பாரு.”

“கிறுக்கா உனக்கு? தூசி விழும்.”

“விழட்டும். பாரு.”

திரையில் அழகான மேடு ஒன்று எழுந்தது. அதற்கு வலப்பக்கம், பெரிய துகள்களைக் காட்டும் இடத்தில், இருக்கக்கூடாத இன்னொன்று.

“தூசிதான் அது” என்றாள். குரலில் பாதி உயிர்தான் இருந்தது.

இருக்கலாம். அல்லது, கட்டிகளெல்லாம் வடிகட்டியில் தங்கிவிட, நல்லவை மட்டும் கருவிக்குப் போயிருக்கலாம். அப்போதும் நம்பர் தங்கமாகத்தான் வரும்.

ஸ்கேன் மேஜையில் படுத்திருப்பவள் என் அக்கா.

அவளுக்கு இருப்பதே ஒரு சிறுநீரகம். அதில் புற்று. வழக்கமான ஸ்கேன் மருந்தை வெளியேற்ற அதற்குத் தெம்பில்லை. எங்களுடையது கல்லீரல் வழியாகப் போவது. புற்றின் விளிம்பு தெரிந்தால் அதை மட்டும் வெட்டலாம். தெரியாவிட்டால் முழுவதையும் எடுத்துவிட்டு, ஆயுளுக்கும் டயாலிசிஸ். அறுவைச் சிகிச்சை நாளை. மருந்தைச் செய்பவளே சொந்தக்காரி என்பதால் அனுமதி தரும் ஆய்வுக் குழு தயங்கியபோது, “சின்ன வயசுல என் ஜடையை வெட்டினா. மத்தபடி இவ கையால எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்ல” என்று அக்காதான் சிரிக்க வைத்துச் சம்மதம் வாங்கினாள்.

ஸ்கேன் பிரிவில் யாரும் போனை எடுக்கவில்லை. ஓடினேன். அது வெறும் தூசியென்றால் அக்காவின் ஒரே வாய்ப்பை நானே தட்டிவிடுகிறேன். கட்டியென்றால் அது நுரையீரலில் போய் அடைக்கும். எப்படிப் பார்த்தாலும் என் கை. இரண்டில் எது எனக்காகப் படும் பயம், எது அவளுக்காகப் படும் பயம் என்று படிக்கட்டில் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டர் ஊசியை நிரப்பிவிட்டிருந்தார்.

“போடாதீங்க!”

“என்ன மேடம், வீடு தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்றீங்க?”

“மருந்து கட்டி தட்டியிருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்கா?”

“தெரியல.”

“தெரியலன்னா நான் சர்ஜன்கிட்ட என்னத்தைச் சொல்றது? அவர் நாளைக்குக் கத்தியோட நிக்கிறார்.”

“ஒரு துளி கொடுங்க. சாதாரண மைக்ராஸ்கோப் போதும். எங்க உருண்டை ரொம்பப் பொடிசு, அதுல தெரியவே தெரியாது. தூசின்னா அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கும், அவ்வளவுதான்.”

அடுத்த அறையில் ரத்தப் பரிசோதனை செய்பவர் இடம் விட்டார். குனிந்தேன். வெறும் வெளிச்சமாக இருக்க வேண்டிய வட்டம் முழுக்க, திரிந்த பாலைப் போல, கொத்துக் கொத்தாக. டாக்டரும் பார்த்தார். ஊசியை மூடித் தனியே வைத்தார்.

சர்ஜன் ஒரு வாரம் தள்ளச் சம்மதித்தார். அதற்குள் புற்று வளராது என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. புதிதாகச் செய்து முழுதாகச் சோதிக்க எனக்கு அந்த வாரம் முழுவதும் வேண்டும்.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், குப்பியை எங்கே வைத்தேன் என்பதையும்.

“மனசைக் கல்லாக்கிட்டு வந்து படுத்தேன்டி” என்றாள். பிறகு, “என் இடத்துல வேற யாராவது படுத்திருந்தா இப்படி ஓடி வந்திருப்பியா?”

“வந்திருப்பேன்” என்றது வாய். மனம் அதோடு சேர்ந்து பேசவில்லை. வேறொரு நாளில் அந்த நம்பரைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேனோ?

என் முகத்தைப் படிப்பது அவளுக்குப் புதிதல்ல.

“சரி, விடு” என்றாள். “இந்த ஒரு வாரம் உன் வீட்டுல வந்து இருக்கட்டுமா? தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குடி.”