பெயரில்லாத அறுபது கிலோ

என் மகள் சாப்பாட்டு மேஜையில் ஒரு படகை வரைந்து வைத்திருந்தாள். மலையாற்றில் ரப்பர் படகு ஓட்டப் போகிறார்களாம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். படகு சாயாமலிருக்க ஒவ்வொரு பெயருக்கும் நேராக எடை. மகளும் அவளுடைய அலுவலகத் தோழிகள் நால்வரும் இருந்தார்கள். மகளுக்கு முன்னால் உள்ள இடத்தில் பெயரே இல்லை. அறுபது கிலோ என்று மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல விடவும் மாட்டேன்.

"யாரும்மா இந்த அறுபது கிலோ?"

"கூட வர்றவங்கப்பா."

"கூட வராதவனையா எழுதுவ? பேரைச் சொல்லு."

"இன்னும் முடிவாகல." அவள் அம்மாவைப் பார்த்தாள். என் மனைவி துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள்.

"மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு?" என்றேன். மனைவி அதே தட்டை மூன்றாம் முறை துடைத்தாள். ஆக, தாயும் உடந்தை.

தாளின் மூலையில் படகுக்காரரின் எண் இருந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தேன்.

"அறுபது கிலோவா? அந்தம்மாதானே சார்! நீச்சல் தெரியாது, பரவாயில்லையான்னு நாலு தடவை கேட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலையாம். பயப்படறாங்க, பாவம்."

எங்கள் வீட்டில் வீட்டுக்காரர் என்று இருப்பது ஒரே ஆள்.

வெளியே வந்தேன். "நீயா?"

"நான்தான்," என்றாள் மனைவி. "எந்த ஊருக்குப் போனாலும் கரையில நின்னு உங்க பையைப் பிடிச்சிட்டிருந்தேன். ஒரு தடவை தண்ணியில இறங்கிப் பார்க்கணும். கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேரும் படகுலதான்பா இருப்பாங்க," என்றாள் மகள்.

நான் தாளை எடுத்தேன். "போன மாசம் ஆஸ்பத்திரி மெஷின்ல எழுபத்திரண்டு காட்டுச்சு. பக்கத்துலதான் நின்னேன். நம்ம வீட்டு ஆள் பொய் எடை கொடுத்துப் படகு கவிழ்ந்தா யாருக்கு அவமானம்?"

அறுபதை அடித்து எழுபத்திரண்டு என்று எழுதினேன். பெயரையும் என் கையாலேயே எழுதினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அன்னிக்குச் செருப்போட ஏறி நின்னேங்க. ஒரு கிலோவாவது குறைங்க."

குறைக்கவில்லை.