மாடு தின்னாத செடி

பூங்காவின் சறுக்குமரத்துக்குப் பின்னால் இரண்டு சிறுமிகள் சொப்பு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்வாதியின் மகள் அகல்யா, ஆறு வயது. இன்னொருத்தி கிருஷ்ணப்பிரியா, ஐந்து வயது. பாரிவாக்கத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற சாமுண்டீஸ்வரியின் மகள். ஸ்வாதி வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் சட்டென்று எழுந்து கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

தரையில் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. அதற்குள் பச்சையாக எதையோ கல்லால் நசுக்கிப் போட்டிருந்தார்கள். வெள்ளையாகப் பால் வடிந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன சமையல் என்று கேட்கத்தான் ஸ்வாதி சிரித்துக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் கொட்டாங்குச்சியை வெடுக்கென்று கையில் எடுத்துக்கொண்டாள். அத்தனையும் அரளிக்காய். அதில் ஒன்றை ஒரு சின்ன வாய் பாதி கடித்திருந்தது.

அதைப் பார்த்து அவள் ஏன் ஆடிப்போனாள் என்பதற்கு மூன்று வருஷக் கதை உண்டு. திண்டுக்கல்லிலிருந்து ஐடி வேலைக்கு வந்து பாரிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியவள் ஸ்வாதி. வந்த புதிதில் இந்தப் பூங்கா சீமைக் கருவேலமும் பீர் பாட்டிலுமாகக் கிடந்தது. யாராவது ஏதாவது செய்ய மாட்டார்களா என்று பால்கனியில் நின்று புலம்புகிற ரகமில்லை அவள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மண்வெட்டி, எட்டு மணிக்கு ஒரு போட்டோ, அப்புறம் எல்லோரும் சேர்ந்து டீ. நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை நட்டதைச் சாமுண்டீஸ்வரியின் மாடுகள் திங்கட்கிழமையே மென்று முடித்துவிடும். செம்பருத்தி போயிற்று, பூவரசு போயிற்று, கூண்டு போட்டால் கூண்டைச் சாய்த்துவிட்டுத் தின்றன. மாடுகளையும் குற்றம் சொல்ல முடியாது. லேஅவுட் போடும்வரை அது அவை மேய்ந்த இடம். கடைசியில் குழுவில் இருந்த மணவாளன் என்கிற பெரியவர், "மஞ்ச அரளி வைங்கம்மா, மாடு மோந்துகூடப் பாக்காது" என்றார். ஸ்வாதி அன்றைக்கே நர்சரிக்குப் போய் நாற்பது கன்று வாங்கி வந்தாள். சறுக்குமரம், ஊஞ்சல் எல்லாவற்றையும் சுற்றி வேலி மாதிரி வரிசையாக நட்டாள்.

மாடு ஏன் மோந்து பார்க்காது என்பது அவளுக்குத் தெரியாதா? அரளி விதை என்றால் என்ன என்று தெரியாத தமிழச்சி உண்டா? தெரியும். ஆனால் அதை வெளியே சொன்னால் ஃபிளாட்காரர்கள் மறுநாளே வேரோடு பிடுங்கிவிடுவார்கள். அவள் வந்ததிலிருந்து முதல்முறையாக ஏதோ பச்சை பிடித்திருக்கிறது, அதை இழக்க அவளுக்கு மனசில்லை. அதனால் விஷம் என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு ஒரு பலகை மட்டும் மாட்டினாள். பூ, காய், இலை எதைப் பறித்தாலும் ஒரு வாரம் பூங்காவுக்குள் வரக்கூடாது.

முதலில் மாட்டிக்கொண்டது அகல்யாதான். வேலிக்குள் நட்ட நந்தியாவட்டையில் ஒரே ஒரு பூ. அந்த வாரம் முழுக்கப் பிள்ளை கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்று அழுதது. சொந்த மகளுக்கே சலுகை கிடையாது என்று குழுவில் ஆளாளுக்குக் கைதட்டிப் போட்டார்கள். ஸ்வாதிக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அந்தப் பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ. கொட்டாங்குச்சியைக் கையில் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பூங்காவில் வேறு யாருமில்லை.

"யாரு இதைச் சாப்பிட்டது?"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"அகல்யா, சொல்லு. யாரு கடிச்சது?"

"நாங்க பறிக்கலம்மா. கீழ கெடந்துச்சு."

"பறிச்சதைக் கேக்கல. சாப்பிட்டது யாரு?"

"நாங்க பறிக்கவே இல்ல ஆன்ட்டி" என்றது கிருஷ்ணப்பிரியா. அதன் உதடு பிதுங்கியது.

ஸ்வாதி கத்தினாள். கத்தக் கத்தக் குழந்தைகள் இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தாடையிலும் மண். கடித்தது ஒருத்தியா, இரண்டு பேருமா? அந்த நொடியில் அவள் மனசுக்குள் ஒரு வேண்டுதல் தானாக ஓடியது. கடவுளே, அந்தப் பிள்ளையா இருக்கட்டும். என்ன நினைத்தோம் என்று அடுத்த நொடியே தெரிந்து அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு சாமுண்டீஸ்வரி வந்தாள். மகளைக் கூட்டிப்போக வந்தவள், கையில் காலிப் பால் கேன்.

"இன்னா மேடம், கொயந்தைங்கள இப்டி மெரட்டிகினு கீற?"

ஸ்வாதி அவள் பக்கம் திரும்பினாள். கொட்டாங்குச்சியை நீட்டினாள். சாமுண்டீஸ்வரி பார்த்தாள். கேன் கீழே விழுந்து உருண்டது.

"அய்யோ, அரளிக்கா! ஏய், துன்னியாடி? சொல்லு, அம்மா அடிக்க மாட்டேன்."

"நான் துன்னலம்மா" என்று கிருஷ்ணப்பிரியா ஓவென்று அழுதாள். "நான்தான் சோறாக்குனேன். அகல்யா விருந்தாளி. விருந்தாளிதான் துன்னணும்."

ஸ்வாதி மண்ணில் முட்டி போட்டாள். மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"சும்மா சாப்பிடற மாதிரிதாம்மா பண்ணேன்" என்றாள் அகல்யா. கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

"அத்த இத்த கேட்டுகினு நிக்காத மேடம்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "ரெண்டு பேரையும் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம். அப்பால பேசிக்கலாம்."

தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏறினார்கள். மடியில் ஆளுக்கொரு பிள்ளை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கூட்டம். மாங்காட்டுக்குப் போகிற வேன்கள் நகராமல் நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஸ்வாதி மகளின் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைத் தேடினாள். கிடைத்த மாதிரி இருந்தது, உடனே காணாமல் போயிற்று. தன் பயத்தில் தன் விரல்தான் துடிக்கிறதா என்றுகூட அவளுக்குப் புரியவில்லை.

கரையான்சாவடி தாண்டும்போது அகல்யா வாந்தி எடுத்தாள்.

ஸ்வாதியின் சுடிதார் முழுக்க நனைந்தது. பிள்ளை நிமிர்ந்து, வெளுத்த முகத்தோடு அம்மாவைப் பார்த்து, "காலையில குடிச்ச பால் கெட்டுப்போச்சும்மா, அதான்" என்றாள். ஆறு வயதுக் குழந்தை. அந்த நிலைமையிலும் காரணம் தேடிச் சொல்கிறது. ஸ்வாதி அவளை இறுக்கிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாமுண்டீஸ்வரி ஒரு கையால் தன் மகளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் முந்தானையை எடுத்து அகல்யாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகளையும் உள்ளே படுக்க வைத்தார்கள். கிருஷ்ணப்பிரியாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அகல்யாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் ஓடிய கோட்டைப் பார்த்த டாக்டர், நாற்பது வயசிருக்கும் ஒரு பெண், புருவத்தைச் சுருக்கினார்.

"துடிப்பு கம்மியா இருக்கு" என்றார். "எத்தனை காய், கொட்டையையும் மென்னாளா, எப்போ சாப்பிட்டா, இது மூணும் எனக்குத் தெரியணும். இங்கேயே வெச்சுப் பாக்கறதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பறதான்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்."

ஸ்வாதி மகளின் தலைமாட்டில் குனிந்தாள். "கண்ணம்மா, அம்மா திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன். எத்தனை சாப்பிட்ட?"

"சாப்பிடவே இல்ல."

"அம்மா உன்னை வெளிய நிறுத்த மாட்டேன்டா. எத்தனை வேணாலும் பறிச்சுக்கோ. சொல்லும்மா."

"நான் பறிக்கலம்மா" என்றாள் அகல்யா. குரல் தேய்ந்திருந்தது. கண் மட்டும் அம்மாவின் முகத்தை விட்டு அசையவில்லை. எந்த நிமிஷம் அது மாறும் என்று காவல் காக்கிறாள்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்.

"நான் அவ அம்மா டாக்டர்."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன். அவங்க இருக்கட்டும்" என்று சாமுண்டீஸ்வரியைக் காட்டினார்.

ஸ்வாதி வெளியே வந்தாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு விடும் சத்தம்கூட உள்ளே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா பூட்டாங்க, பாரு" என்று சாமுண்டீஸ்வரியின் குரல் கேட்டது. "யாரும் இல்ல. எத்தினி துன்ன, சொல்லு நைனா."

மெஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் ஸ்வாதி செத்துச் செத்துப் பிழைத்தாள்.

"போயிட்டாங்களா?"

"பூட்டாங்க கண்ணு."

"ரெண்டு" என்றாள் அகல்யா. அப்புறம், "மூணு. ஒண்ணு பாதி. அது ரொம்பக் கசந்துச்சு, துப்பிட்டேன்."

"கொட்டை இருந்துச்சே, அதையும் கடிச்சியா?" இது டாக்டர்.

"ஒண்ணு மட்டும் கடிச்சேன்."

டாக்டர் நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை மட்டும் ஸ்வாதிக்கு விளங்கியது. காலடிகள் பரபரத்தன. உள்ளே ஓடிப் பிள்ளையை அள்ளிக்கொள்ள அவள் கை கதவுவரை போய்விட்டது.

"எப்ப துன்ன கண்ணு? அம்மா போட்டோ எடுக்கறப்பவா, அதுக்கு முன்னாடியா?" என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

"முன்னாடி. அம்மா மண்ணு வெட்டுறப்ப." அழுகை முட்டியது. "ஆன்ட்டி, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

கதவில் வைத்த கையை ஸ்வாதி எடுத்துக்கொண்டாள். மகள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தான் உள்ளே போனால் அது நின்றுவிடும். அவள் வெளியிலேயே நின்றாள்.