ஒண்ணாம் நம்பர் மைக்

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பு மரச்சாமான் கடையாக இருந்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஆராதனையின் மூன்றாவது பாடலுக்கு நடுவே, பாடல்களை நடத்திக்கொண்டிருந்த பெண்ணின் காதுக்கருவியில் பேட்டரி தீர்ந்தது.

அந்த மேடையில் பாடுகிறவர்கள் மண்டபத்தின் ஒலியைக் கேட்பதில்லை. காதுக்குள் ஒரு சிறு கருவி இருக்கும். அதில் தன் குரல், தாளத்துக்கு ஒரு டிக் டிக், கொஞ்சம் கீபோர்டு. யார் காதில் எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்ஸர் முன் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிப்பார். இங்கே அது அவளுடைய கொழுந்தனார். வாரநாட்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பேட்டரி மாற்றுவதும் அவர் பொறுப்புதான். அன்று மறந்துவிட்டார்.

அவள் கருவியைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டாள். டிரம்ஸ் கேட்டது. சபை பாடுவது கேட்டது. வலப்பக்கம் நின்று துணைக்குரல் பாடும் நர்சிங் மாணவியின் குரல் கூரைவரை கேட்டது. அவளை எல்லோரும் மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நடத்துகிறவளுக்குத் தன் குரல் மட்டும் கேட்கவில்லை.

மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். அப்போதும் இல்லை. பல்லவி திரும்பி வந்தபோது சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். மண்டபத்தில் எதுவும் மாறவில்லை. அடுத்த வரிக்கு வாயையும் மூடிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை, பெரும்பாலானவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை நீட்டினாள். பல்லவி இன்னொரு முறை என்று வாத்தியக்காரர்களுக்கு அடையாளம். பல்லவி இன்னொரு முறை நன்றாகவே வந்தது.

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் மிக்ஸர் பக்கம் போனாள்.

"என் மைக் எது தம்பி?"

"ஒண்ணாம் நம்பர் அண்ணி. ஏன், பேட்டரி போச்சா? கை காட்டியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

"ஓடி வந்திருப்பீங்க. எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. கைய எடுங்க."

அவர் கை, ஒண்ணாம் நம்பரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை மூடியிருந்தது. எடுத்தார். ஸ்லைடர் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது.

"ஜெபத்துக்கு ஏத்திடுவேன் அண்ணி. பாட்டு ஆரம்பிச்சாதான் இறக்குவேன்."

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து."

அக்டோபரில் அவளுக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. உச்ச சுரங்கள் திரும்பவில்லை. போக வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டன.

"சுரம் தப்புறது எனக்குக் கேக்கலையே."

"உங்க காதுல மட்டும் கொஞ்சம் எக்கோ போட்டுட்டேன். நல்லாவே இருந்திருக்கும்."

"நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு கேட்டாள்: "உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

கொழுந்தனார் ஒயரைச் சுருட்டினார். "அவர்தான் முதல்ல வந்து சொன்னார்."

"பிரசங்கம் ஆரம்பிச்சா குறட்டை விடுற மனுஷன். அவருக்கே கேட்டிருக்கு."

"பாட்டு நேரத்துல முழிச்சுத்தான் இருப்பார் அண்ணி. நீங்க பாடுறீங்கன்னு."

அந்தப் பக்கமாக வந்த போதகர் நின்றார். "இப்பெல்லாம் சபை என்னமா பாடுதும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி கூட இப்படி இல்ல. ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம் ஐயா," என்றாள்.

பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வாரத்துக்கு ஆறு நாள் "அடுத்தவங்க வரலாம்" என்று சொல்வது அவள் வேலை. ஏழாவது நாளில் சபை முழுவதும் அவள் குரலுக்குப் பின்னால் வந்தது. பதினோரு வருடமாக அப்படித்தான். அந்த இடம் இனித் தன்னுடையதா என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகைக்குக் காதுக்கருவி இல்லாமல் வந்தாள்.

"ஒண்ணாம் நம்பர மேல ஏத்துங்க தம்பி. எக்கோ வேண்டாம்."

"அண்ணி—"

"ஏத்துங்க."

ஏற்றினார். காலி மண்டபத்தில் அவள் பாடினாள். சரணத்தின் உச்சத்தில் குரல் வழுக்கியது. மீண்டும் பாடினாள். அதே இடத்தில் வழுக்கியது. மைனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம்ஸ்காரன்தான் வழி சொன்னான்.

"கீ இறக்கிப் பாக்கலாங்க்கா. கீபோர்டுல ஒரு பட்டன்தானே."

சுருதியை இறக்கினார்கள். அவள் குரல் பாட்டில் சரியாக உட்கார்ந்தது, உச்சம் வழுக்கவில்லை. கொழுந்தனார் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஆனால் பல்லவியின் தாழ்ந்த வரிகளில் மைனாவின் குரல் இல்லாமல் போயிற்று. வெறும் காற்றுதான் வந்தது.

"உனக்கு எட்டல," என்றாள் அவள்.

"பரவால்லக்கா. அந்த இடத்துல நான் சும்மா வாய அசைச்சுக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது."

கொழுந்தனார் மிக்ஸரில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"வேண்டாம்," என்றாள் அவள். "அந்த வேலைய நான் மூணு மாசம் பாத்தாச்சு."

மைனாவுக்குப் புரியவில்லை. அவள் தன் மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி மைனா முன்னால் வைத்தாள்.

"பழைய கீக்கே போங்க. ஒண்ணாம் நம்பர நீ எடுத்துக்கோ."

"ஐயோ, நான் எப்படிக்கா நடத்துறது?"

"மூணு மாசமா நீதான் நடத்துற. உன்கிட்டதான் யாரும் சொல்லல."

"ஜெபம் பண்ணணுமே. அதான் பயமா இருக்கு."

"ஜெபத்துக்கு யாரும் கீ பாக்க மாட்டாங்க. ஆரம்பி."

அவள் மேடையிலிருந்து இறங்கி நடுவரிசையில் ஒரு நாற்காலியைப் பிரித்து உட்கார்ந்து, ஒத்திகை முடியும்வரை கேட்டாள். போகும்போது போதகருக்கு ஃபோன் செய்து, இனி மைனா நடத்துவாள் என்றாள். "தொண்டை தொந்தரவாம்மா?" என்று அவர் கேட்டார். "ஆமாங்கய்யா," என்றாள்.

அடுத்த ஞாயிறு ஒண்ணாம் நம்பர் ஸ்லைடர் பாடல்நேரம் முழுவதும் மேலேயே இருந்தது. அவள் கடைசி வரிசைக்குப் போனாள். கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார். மூன்றாவது பாடலில் அவள் மைக் இல்லாமல் முழுக்குரலில் பாடினாள். சரணத்தின் உச்சத்தில் குரல் வழுக்கியது. முன்னால் நின்றவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, திரையில் ஓடிய வரிகளைப் படித்துத் தொடர்ந்து பாடினார். பிரசங்கம் தொடங்கியதும் கணவர் தூங்கிவிட்டார்.