மழைக்கு முன் புரோகிராம்

சுனாமிக்கு அடுத்த வருஷம் உத்திரமேரூருக்கு இரண்டு புது வார்த்தைகள் வந்து சேர்ந்தன. ஒன்று ‘ஹாம்’. ஆபத்தில் ரேடியோவில் பேசி உயிரைக் காப்பாற்றுகிறவர்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதற்குமேல் யாருக்கும் விவரம் தெரியாது. இன்னொன்று ‘டிஜிட்டல்’. அது எல்லோருக்கும் தெரியும். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு எதிரே தொங்குகிற பளபள பேனருக்கு அதுதான் பெயர்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான்: ரைஸ் மில் தாண்டவராயன். ஹாம் ரேடியோ சங்கத்தின் நிறுவனர், தலைவர், புரவலர். லெட்டர்பேடில் மூன்றுக்கும் தனித்தனி வரி. சங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் இரண்டே பேர்: கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தும் வளர்மதி, திருமுக்கூடலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அருள்தாஸ். தலைவர் பரீட்சை எழுதவில்லை. எழுதுகிறவர்களுக்குத் தலைமை தாங்க ஒரு ஆள் வேண்டாமா?

சென்னையில் ஒரு சங்கம் பழைய செட்டுகளை இனாமாகத் தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுதியது வளர்மதி. அதில் அவள் காட்டிய காரணம், திருமுக்கூடல் ஆற்றோரத்தில் இருந்த பதினோரு இருளர் குடிசைகள். செய்யாற்றில் வெள்ளம் வந்தால் உத்திரமேரூர்ப் பக்கம் முதலில் தெரியும். அந்தத் தண்ணீர் குடிசைகளை எட்ட இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். இங்கே அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிற எழுத்து, ரேடியோ வழியாகப் போய் அருள்தாஸின் கம்ப்யூட்டரில் விழும். அவன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவான்.

இதை அவள் அந்தக் குடிசைகளுக்கே போய் விளக்கியிருந்தாள். கரும்பு வெட்டப் போகும் பவளம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெண்டு மணி நேரம் நிச்சயமா கெடைக்குமா டீச்சரு?”

“கெடைக்கும்.”

“அது போதும். ஆட்ட ஓட்டிக்கினு, பசங்களத் தூக்கிக்கினு, பொட்டிய எடுத்துக்கினு போயிருவோம்.”

பெட்டி என்றால் தகரப் பெட்டி. அதற்குள் பதினோரு குடும்பத்துப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ்கள். நீங்கள் இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக் கேட்டு, ஒன்பது வருஷம் அலைக்கழித்துக் கொடுத்த காகிதங்கள்.

ஆவணியில் நான்கு ரேடியோக்களும், அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் நான்கு மோடம் பெட்டிகளும் வந்து இறங்கின. தலைவர் அவற்றைத் தன் வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு செட்டிலும் எந்த அலைவரிசை, யாருடைய அழைப்புக்குறி, எந்த வேகம் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் மாட்டி ஏற்ற வேண்டும். ஏற்றாத செட்டை நம்புவதற்கு ஒரு செங்கலை நம்பலாம். எனவே வளர்மதி முறைப்படி கடிதம் கொடுத்தாள்: ‘டிஜிட்டல் ரேடியோக்களுக்கு மழைக்கு முன் அவசியம் புரோகிராம் செய்ய வேண்டும்.’

தலைவர் படித்தார். ஒரு எழுத்தில்கூட அவருக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

“கரெக்டா சொன்ன வளரு. மழைக்கு முன்னாடி முடிச்சிடணும். இல்லாட்டி ஷாமியானா நனைஞ்சி பேஜாராயிடும்.”

ஷாமியானா போட்டு வேறு ஏதோ விசேஷம் வைத்திருக்கிறார், அதை முடித்துவிட்டு இதற்கு வருவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டிலும் திருமுக்கூடல் ரோட்டிலும் இருபதடி டிஜிட்டல்கள் எழுந்தன. காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு தாண்டவராயன் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். செட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கீழே: ‘மாபெரும் டிஜிட்டல் ரேடியோ புரோகிராம்.’

புரோகிராம் சிறப்பாக நடந்தது. லைட் மியூசிக் உண்டு. செட்டுகளின் பாலித்தீன் உறையைப் பிரிக்கவே கூடாது என்பது தலைவரின் கண்டிப்பு. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி உறையோடு பட்டனை அழுத்தி ஹலோ என்றார். ஒன்றும் கேட்கவில்லை. சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

பிறகு நன்றி சொல்ல வளர்மதியைக் கூப்பிட்டார்கள். நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உண்மையான புரோகிராம் இனிமேல்தான், அது கம்ப்யூட்டர் வேலை, தலைவர் செட்டுகளை இரண்டு நாள் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அதிகாரிக்குப் புரிந்தது. பேனரை ஒருதரம் பார்த்தார், தலைவரை ஒருதரம் பார்த்தார், சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் முன்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரித்ததால் எதற்கென்று தெரியாமல் ஊரே சிரித்தது.

மறுநாள் அவள் செட்டுகளைக் கேட்டுப் போனபோது தலைவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னாம்மா இன்னும்? அதான் புரோகிராம் முடிஞ்சிடுச்சே.”

“நான் சொன்னது வேற தலைவரே.”

“நீ சொன்னதத்தான் ஊரே கேட்டுதே.”

அதன்பின் அவள் ஏழு தடவை போனாள். மன்னிப்பும் கேட்டாள். சங்கத்தின் சொத்தைப் பொதுக்குழு கூடாமல் வெளியே தரமுடியாது என்றார். பொதுக்குழு என்றைக்கு என்று கேட்டால், அதைத் தலைவர்தான் கூட்டவேண்டுமாம்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, செய்யாறு கரையைத் தொட்டு ஓடுவதாகத் தகவல் வந்தது. போன் செத்துக் கிடந்தது. பஸ் இல்லை. வளர்மதி நனைந்துகொண்டே தலைவர் வீட்டுக்கு ஓடினாள். அவர் இல்லை. புரோகிராம் ஆல்பத்தை வாங்க முந்தின நாளே காஞ்சிபுரம் போனவர், மழையில் ஏனாத்தூர் சம்பந்தி வீட்டில் தங்கிவிட்டாராம். சாவி அவர் இடுப்பில். அவருடைய மனைவி கோவிந்தம்மாள் துண்டு கொடுத்து, தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

வளர்மதி பீரோவுக்கு முன்னால் நின்றாள். உடைத்துத் திறக்கக்கூடத் தோன்றியது. திறந்து? உறை பிரிக்காத நான்கு செங்கல்கள். மணி பத்தரை ஆயிற்று. பிறகு பதினொன்று. பன்னிரண்டு அடித்தபோது துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நான்கு நாள் கழித்துத்தான் திருமுக்கூடலுக்கு பஸ் விட்டார்கள். பதினோரு குடிசைகளில் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் எல்லோரும் பிழைத்திருந்தார்கள். மேட்டில் நான்கு கம்பு நட்டு, அதன்மேல் ஒரு டிஜிட்டல் பேனரை இழுத்துக் கட்டி, அதற்கடியில் பதினோரு குடும்பமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ரோட்டில் இருந்ததை அருள்தாஸ் அவிழ்த்துக் கொடுத்தானாம். சிரிக்கிற முகம் உள்பக்கம். தாண்டவராயன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உலைப்பானையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஒரே வீச்சில் ஏறியதென்று பவளம் சொன்னாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பிள்ளை, பெட்டிக்கு மூன்றாவது கை இல்லை. ஆடுகளும் போயின. வந்து பார்த்த தாலுகா ஆபீஸ்காரர்கள் சான்றிதழுக்கு மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம், ஆதாரத்தோடு.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி வளர்மதி இனி எந்த வாயால் சொல்வது?

பவளம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தலைக்குமேல் விரலால் தட்டிக் காட்டினாள்.

“இது நல்லா கீது டீச்சரு. ஒரு சொட்டு ஒழுவல. அடுத்த புரோகிராம் எப்போ? இன்னும் பத்து வூடு கட்டணும்.”