ஒற்றை ஆளுக்கு மாதம் ஒரு சிலிண்டர்

நத்தம் ரோட்டில் புஞ்சைக்காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில், கடைசித் தெருவின் கடைசி வீட்டில் அந்தோணிராஜ் தனியாக இருந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி அல்போன்சா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது. ஒரே மகள் ஜெஸ்ஸிக்கு ஜெர்மனியில் வேலை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பகல் முழுக்க அந்தத் தெருவில் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவர் வீட்டில் மாதத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. ஒரு வேளை சோறு வடித்து அதையே இரண்டு வேளை சாப்பிடுகிறவர். கசிவும் ஒன்றும் இல்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் பெரிய குண்டானில் தண்ணீரை வைத்து அடுப்பைப் பற்ற வைப்பார். அது கொதித்து, வற்றி, அடி தெரிகிற வரைக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மனிதருக்குப் புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தெரிந்தேதான் எரித்தார்.

சிலிண்டர் தீர்ந்தால்தான் நியாஸ் வருவான். அதுதான் விஷயம்.

நியாஸ் பேகம்பூர்க்காரன், வீடு வீடாக சிலிண்டர் போடுகிறவன். அடுப்படி வரை தூக்கிவந்து மாட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துக்கொண்டே மகளுக்கு வந்த மாப்பிள்ளை முதல் வத்தலக்குண்டு பஸ்ஸில் நடந்த சண்டை வரை பேசிவிட்டுத்தான் கிளம்புவான். அதைவிடப் பெரிய சங்கதி ஓடிபி. ஜெர்மனியிலிருந்தே புக் செய்து பணம் கட்டுவது ஜெஸ்ஸி என்பதால், சிலிண்டர் வரும்போது கேட்கிற ஓடிபியும் அவள் போனுக்குத்தான் போகும். மற்ற நாட்களில் "சாப்டீங்களாப்பா" என்று ஒரு மெசேஜ் வரும், இவர் கட்டைவிரல் படத்தை அனுப்புவார், அவ்வளவுதான். ஓடிபி நாளில் மட்டும் அவளைக் கூப்பிட்டே ஆகவேண்டும். ஸ்பீக்கரில் அவள் எண்ணைச் சொல்ல, நியாஸ் நலம் விசாரிக்க, இவர் நடுவில் புகுந்து பேச, அடுப்படியில் மூன்று பேர் குரல் கேட்கும். இந்தக் கூத்துக்காகவா ஒரு சிலிண்டரை வீணாக எரித்தார் என்று சிரிக்கிறவர்கள், அந்த வீட்டில் ஒரு மாதம் தனியாக இருந்து பார்க்கட்டும்.

கெடுத்தவன் நியாஸ்தான். ஸ்பீக்கரில் ஜெஸ்ஸி இருக்கும்போதே ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"ஒத்த ஆளுக்கு எப்படிண்ணே இம்புட்டுச் சீக்கிரம் தீருது?"

"மூட்டு வலிப்பா. வெந்நி ஒத்தடம்."

ஜெஸ்ஸியின் குரல் மாறியது. "அப்பா, போன மாசந்தானே போட்டோம்?"

அவள் வேலையே இந்த எரிக்கிற விவகாரம்தான். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தே பணக்காரனாகிவிட்டு, இப்போது அந்தப் பழக்கத்தை விட முடியாமல் தவிக்கிற நாட்டில், தொழிற்சாலைகளுக்குக் காற்றாலைக் கரண்ட் ஏற்பாடு செய்துகொடுக்கிற கம்பெனியில் இன்ஜினியர். அன்று சாயங்காலமே திரும்பவும் கூப்பிட்டாள்.

"இங்க இவங்க அத்தனை வருசம் எரிச்சதுக்குத்தான் அங்க நமக்கு மழை தப்புது, வெயில் கொல்லுது. நீங்களும் இப்படி எரிக்கலாமாப்பா?"

"மில்லுல கரண்டு போனா டீசல் ஜெனரேட்டரப் போடுவாக. அது ஓடுனாத்தான் எங்களுக்குச் சம்பளம். அந்தப் பொகையிலதான் நீ படிச்ச பாப்பா."

"நான் இல்லேங்கலப்பா. அன்னிக்கு வேற வழி இல்ல. இன்னிக்குத்தான் இருக்குல்ல?"

நியாயமான கேள்வி. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நியாஸ் வரட்டும் என்று எரிக்கிறேன், உன் குரலைக் கேட்கலாம் என்று எரிக்கிறேன் என்று எந்தத் தகப்பன் மகளிடம் சொல்வான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. "நீ சொன்னாச் சரிதான் பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஜெஸ்ஸி சொன்னால் சொன்னதுதான். கரண்ட் அடுப்பு பார்சலில் வந்து இறங்கியது. கேஸ் கனெக்‌ஷனை ஒப்படைத்தாயிற்று. காலி சிலிண்டரை எடுக்க நியாஸே வந்தான். டீயைக் குடித்துவிட்டு "வாரேண்ணே" என்றான். போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அந்தோணிராஜ் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போனார்.

அடுத்த வாரம் ஜெஸ்ஸியின் ஏற்பாட்டில் மொட்டை மாடியில் சோலார் பலகை ஏறியது. பலகை மாட்டுகிற நெய்க்காரப்பட்டிக்காரர் பிரபு இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். வேலை நடந்த நாட்களில் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. துளை போடுகிற சத்தம், பாட்டு, மாடிக்கும் கீழுக்கும் கூப்பாடு. அந்தோணிராஜ் அவர்களுக்குக் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனத்தோடு சமைத்துப் போட்டார். இன்னும் ஒரு நாள் இழுத்தால் என்ன என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டார். வேலை சொன்னபடி முடிந்துவிட்டது.

"கோளாறு ஏதாச்சும் வந்தா எப்பத் தம்பி வருவீக?" என்று கேட்டார்.

"கோளாறே வராதுங்க. தூசி படிஞ்சா நீங்களே தண்ணி ஊத்தி விட்டுருங்க."

"அப்படியும் வந்துருச்சுன்னா?"

"ஏனுங்க இப்படிப் பயப்படறீங்க? இருவத்தஞ்சு வருசத்துக்கு ஒருத்தரும் இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லீங்க."

பிரபு அதைப் பெருமையாகத்தான் சொன்னார். வண்டி கிளம்பிப் போனதும் தெரு பழையபடி ஆனது. சற்று நேரத்தில் ஜெஸ்ஸி கூப்பிட்டாள். பிரபு அனுப்பிய மாடியின் படத்தைப் பார்த்துவிட்டிருந்தாள், குரலில் அத்தனை சந்தோஷம்.

"சூப்பர்ப்பா! கேஸ் தீந்துருச்சா, லீக் ஆகுதான்னு இனிமே பதற வேணாம். உங்களப் பத்தி எனக்கு இனிக் கவலையே இல்ல."

அந்தோணிராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் கவலப்படு பாப்பா" என்றார்.

அப்பா வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.