அதே மாதிரி

வில்பட்டியிலிருந்து ஞாயிறுதோறும் சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பேருந்தில் வருவாள் சத்தியபிரியா. ஏரிக்குப் பக்கத்துக் காபிக் கடையில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஒருவர் கீபோர்டு வாசிக்கும் ஹரிகிருஷ்ணன், பள்ளி இசையாசிரியர். இன்னொருவன் டிரம்ஸ் வாசிக்கும் சஃபீர், பஜாரில் கம்பளிக் கடைக்காரர் மகன்.

மூவரும் வாசித்தது ஜாஸ். ஒத்திகை கிடையாது. ஒருவர் ஏதாவது தொடங்குவார். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கூடவே போவார்கள். எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மழைக்கால மத்தியானம், கடையில் நாலைந்து பேர்தான். ஹரிகிருஷ்ணனின் விரல் தவறி கீபோர்டில் வேறொரு கட்டையில் விழுந்தது. சத்தியபிரியா அதைத் தவறாக விட்டுவிடவில்லை. அதே ஸ்வரத்தைப் பிடித்து மூச்சு முட்டுகிற வரை நீட்டினாள். சஃபீர் தாளத்தைத் தணித்து அவளுக்கு இடம் விட்டான். அங்கிருந்து கிளம்பியது எதுவோ, முடிந்தபோது ஹரிகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட, ஊரெல்லாம் பரவியது.

புதிதாகத் திறந்த ரிசார்ட் ஒன்று வாராவாரம் வாசிக்கக் கூப்பிட்டது. வீடியோவில் இருப்பது அப்படியே வேண்டும் என்றார்கள். ஹரிகிருஷ்ணன் வீடியோவைக் கேட்டுக் கேட்டு மூவருக்கும் நோட்ஸ் எழுதிக் கொண்டுவந்தார்.

சத்தியபிரியா தாளைத் தொடவில்லை. "சார், அன்னைக்கு நீங்க தவறவிட்டீங்க, நான் புடிச்சேன். இப்ப வேணும்னே தவறவிடுவீங்களா?"

"கேக்குறவங்களுக்கு என்ன தெரியப்போகுது பிரியா?"

"எனக்குத் தெரியுமே சார். என்னால ஏலாது."

'ஏலாது' என்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவள் வீட்டுப் பேச்சு; கோபம் வந்தால் அந்தச் சொல் தானாக வரும். ஹரிகிருஷ்ணன் தாள்களை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதமே ரிசார்ட்காரர்கள் பெங்களூரிலிருந்து சாக்ஸபோன் வாசிக்க ராஜமுருகன் என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மனசு கேட்காமல் ஒரு சாயங்காலம் அங்கே போய்க் கடைசி வரிசையில் நின்றாள் சத்தியபிரியா. வாசிப்பில் அந்த இடம் வந்தது. ஹரிகிருஷ்ணன் தவறான கட்டையை அழுத்திவிட்டு, பதறியவர்போல் புருவத்தை உயர்த்தினார். அவளுடைய மூச்சை ராஜமுருகன் பிசிறில்லாமல் ஊதினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே சஃபீர் அவளைப் பார்த்துவிட்டான்.

"நீயும் சரின்னுட்டேல்ல?" என்றாள்.

"எங்க கடையில யாவாரமே இல்ல பிரியா. எனக்கும் ஒரு சோலி வேணும்ல." தலையைக் குனிந்துகொண்டான். "ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் வாசிப்போம். வெள்ளனே வந்துரு."

காபிக் கடைக்கு வந்தாள். அவளே தொடங்கினாள், இதுவரை வாசிக்காத ஒன்றை. சஃபீர் கூடவே வந்தான். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு அவன் கை ரிசார்ட்டின் தாளத்துக்குள் போய் விழுந்தது. அவள் வேறு பக்கம் இழுத்துப் பார்த்தாள், நிறுத்திப் பார்த்தாள், விட்டுக்கொடுத்தும் பார்த்தாள். அவன் திரும்பவும் அங்கேயே வந்து நின்றான்.

குச்சிகளைக் கீழே வைத்தான். "கை தானா அங்கயே போகுது பிரியா. நீ வாசிச்சத நான் கேக்கவே இல்ல."

அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பூட்டினாள்.

மறு வாரத்திலிருந்து, தான் வேலை பார்க்கும் தங்கும் விடுதியின் வரவேற்பில் ஞாயிறு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் நாளே மதுரைக்காரக் குடும்பம் ஒன்று, "இங்க நல்ல மியூசிக் எங்கங்க கேக்கலாம்?" என்று விசாரித்தது. சத்தியபிரியா ரிசார்ட்டுக்கு வழி சொல்லி, டாக்ஸியும் பிடித்துக் கொடுத்தாள்.